கண்ணை மூடிய சாட்சி

மேடை ஏறுவதற்கு முன் அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பங்குனி வெயில் கொளுத்திய அந்தப் பகலில் அவள் கை மட்டும் வியர்த்துச் சில்லிட்டிருந்தது. "எங்கிட்டும் போயிராத ஆத்தா, என் கண்ணுல படுற மாதிரி நில்லு" என்றாள். அவள் என் அப்பாவின் தங்கை. அறுபதுகளின் தொடக்கம் அது. ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்த நான், விராலிமலைக்குப் பக்கத்துக் கிராமத்தில் அவள் வீட்டில் தங்கியிருந்தேன்.

அந்த ஊரில் பாதிக் குடும்பங்கள் தனியாக ஒரு வழியைப் பின்பற்றின. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம், ஊர்ப் பெரியவர் ஒருவர் பாறைக் குகையில் நோன்பிருந்தபோது வெற்று ஓலையில் தானாகவே எழுத்து விழுந்தது என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த ஏடுதான் அவர்களுக்கு வேதம். பெரியவர் காலமான பிறகும் பௌர்ணமிதோறும் அதைப் படிப்பார்கள். முடிவில், எழுத்து விழுந்ததைக் கண்ணால் கண்ட மூன்று சாட்சிகளின் பெயரையும் சொல்வார்கள். ஒருவர் பெரியவரின் தம்பி. அடுத்தவர் ஒரு மளிகைக் கடைக்காரர். மூன்றாவது, குகை விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோயிருந்த என் அத்தை. அப்போது அவள் கல்யாணமாகி வந்த புதுப்பெண்.

கறம்பக்குடிப் பக்கத்து வாத்தியார் ஒருவர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர், ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். ஏட்டைப் பற்றி நேருக்கு நேர் வாதாட வரச் சொல்லி அவர் ஆள் அனுப்பினார். பெரியவருக்குப் பின் பொறுப்பேற்றிருந்த அவருடைய மருமகன் ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்தே அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டாலும் திடுக்கிட்டு எழுந்து நிற்பாள். முந்தின நாள் அந்த மருமகனே வீட்டுக்கு வந்தார். "பாத்தேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மாத்திச் சொன்னீங்கன்னா இந்த ஊர்ல ஒங்களுக்குத் தண்ணி குடுக்க ஆளு இருக்காது" என்று பணிவான குரலில்தான் சொன்னார். மாமா தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஏட்டை அவரைப்போல நம்பியவர் ஊரில் யாருமில்லை.

மேடையில் வாத்தியார் முதல் சாட்சியை எளிதாகத் தள்ளிவிட்டார். கூடப் பிறந்தவர் வேறு எப்படிச் சொல்வார் என்றார். கடைக்காரரோ சண்டை போட்டுப் பல வருஷத்துக்கு முன்பே விலகிப் போனவர். மருமகன் மைக்கைப் பிடுங்கி, "எங்கள ஏசுறவரே அத மட்டும் இல்லன்னு சொன்னதில்ல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று கேட்டதும் கைதட்டல் எழுந்தது. வாத்தியார் அசரவில்லை. "இல்லன்னு சொன்னா, இத்தனை நாளு ஏன் பொய் சொன்னேன்னு கேக்க மாட்டாங்களா? அந்தப் பயம் அவருக்கு இருக்காதா?" என்றார். பிறகு அத்தையின் பக்கம் திரும்பினார். "ஒரு ஆதாயமும் இல்லாதவங்க இந்த அம்மா ஒருத்தங்கதான். இவங்க பாத்ததா சொல்லட்டும், நான் போயிடுறேன்."

கூட்டம் அடங்கியது. அத்தை மைக்கை விட்டுத் தள்ளியே நின்றாள், ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"ஏடு சாமி குடுத்ததுதான். ஆனா எழுத்து விழுந்ததை நான் பாக்கலங்க. பயத்துல கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். எழுத்தாணி கீறுற சத்தம் கேட்டுச்சு. கண்ணைத் தொறந்தப்ப ஓலை நெறைய எழுத்து இருந்துச்சு."

"எழுத்தாணி யாரு கையிலம்மா இருந்துச்சு?"

"தெரியாதுங்க."

யாரோ சிரித்தார்கள். எங்கிருந்தோ ஒரு மண்ணாங்கட்டி வந்து அவள் தோளில் பட்டு உடைந்தது. அவளை இழுத்துக்கொண்டு நான் வரப்பு வழியாக நடந்தேன். பின்னால் நாலைந்து பேர் பேசாமல் வந்தார்கள். அவர்கள் கத்தியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். திரும்பிப் பார்க்கவும் தைரியம் இல்லை. "பாத்தேன்னு சொல்லியிருக்கலாமே அத்தை" என்றேன். "பொய்ச்சாட்சி சொல்லாதன்னு அந்த ஏட்டுலயே இருக்கு ஆத்தா. அதை நம்புறவ எப்படிச் சொல்வேன்?" என்றாள்.

வீட்டு வாசல்வரை வந்துவிட்டு அந்த ஆட்கள் திரும்பிப் போனார்கள். அதன் பிறகு பல மாதம் அந்த வீட்டுக்கு யாரும் வரவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. இப்போது அங்கே ஒலிபெருக்கியில் ஏடு படிக்கிறார்கள். சாட்சிகள் இரண்டு பேர் என்றே இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியும். போன வருஷம் அந்த வழியாகப் போனபோது அதைக் கேட்டேன். எனக்குக் கோபம் வரவில்லை. அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது நடந்ததுதான் நினைவுக்கு வந்தது.

மாமா எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். அவளை வெளியே தள்ளப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், நிலைப்படியைத் தாண்டாமல் நின்றாள். "சோத்தப் போடு" என்றார். இலையில் பரிமாறினாள். இரண்டு வாய் சாப்பிட்டதும் அவர் கை நின்றது. இருட்டுக்குப் பயந்த பிள்ளையைப்போல அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தச் சத்தம் நெசமாவே கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க."

அவர் மறுபடி இலையில் கை வைத்தார். மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார்.