பல்லுக்காரரும் சர்க்கரை டப்பாவும்

‘சரக்குச் சரிபார்ப்பாளர். ஈயத்தோடு நேரடித் தொடர்பில்லாத பணி.’ பட்டறையின் முத்திரை குத்திய இந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார் பல்லுக்காரர். பல் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்தபடி, அது பத்திரமாக இருக்கிறதா என்று இடது கை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறது. வலது கைக்கு வேறு வேலை. அது கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறது.

முப்பத்தொரு வருஷம் அவர் பார்த்த உத்தியோகம் ஈயத்தைக் கடிப்பது. பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கிக் கட்டியாக வார்க்கும் பட்டறை அது. சுத்தமான ஈயம் மெத்தென்றிருக்கும். கட்டியின் ஓரத்தில் பல் பதியும். கலப்பு என்றால் பதியாது, பல்லைத் திருப்பி அடிக்கும். நடுவில் முதலாளி ஒரு சோதனை யந்திரம் வாங்கிப் போட்டார். சரக்கெடுக்க வருகிறவர்கள் யந்திரம் காட்டும் எண்ணை மரியாதைக்கு ஒருமுறை பார்த்துவிட்டு, “அது கெடக்கட்டும், பல்லுக்காரர் என்ன சொல்றாரு?” என்பார்கள். அவர் கடிப்பார். நாக்கால் துழாவுவார். சட்டைக் கையில் வாயைத் துடைத்துக்கொண்டு, “நல்லா எறங்குது” என்றோ, “முரண்டு பண்ணுது” என்றோ தீர்ப்புச் சொல்வார். மேல்முறையீடு கிடையாது.

சான்றிதழில் சத்தியம் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஈயத்தை அவர் கையால் தொட்டதே இல்லை. பட்டறை கொடுத்த தடித்த உறைகளை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டுதான் கட்டியை வாய்க்குக் கொண்டுபோவார்.

“லேசாத் தித்திக்கும், தெரியுமா?” என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார். பட்டறையில் எல்லாருக்கும் ஈறு ஓரமாக ஒரு நீலக் கோடு இருந்தது. சேலைக்குக் கரை போட்ட மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். அவருடையது எல்லாரையும்விட அகலக் கரை. அதில் அவருக்குப் பெருமைகூட உண்டு.

இப்போது வயது எழுபத்தொன்று. மிச்சம் நாலு பல். கீழே வலப்பக்கம் மூன்று, மேலே இடப்பக்கம் ஒன்று. ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் வாழும் உறவுக்காரர்கள் மாதிரி, ஒன்றையொன்று சந்திப்பதில்லை. பெயர் மட்டும் பல்லுக்காரர் என்றே நிலைத்துவிட்டது. சாப்பிடும்போது சுவரைப் பார்த்து உட்காருவார். சிரிப்பு வந்தால் மூக்கால் சிரிப்பார். மகள் கல்யாணப் படங்களில் அவரைத் தேடினால், யாரோ ஒருவருடைய தோளுக்குப் பின்னால் ஒரு நெற்றி தெரியும்.

பல் போனதற்குக் காரணம் கேட்டால், “வம்சம். எங்கப்பாவுக்கும் இப்படித்தான்” என்பார். அப்பா எண்பது வயதில் வாய் நிறையப் பல்லோடு போய்ச் சேர்ந்தவர்.

மனைவிக்குப் பல் போனதற்கு மட்டும் அவரிடம் வேறு காரணம் இருந்தது. அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிலேயே முன்பல் ஆடத் தொடங்கியது. ஒரே வருஷத்தில் ஆறு பல் கையோடு வந்துவிட்டன. பல் விஷயத்தில் ஊரே ஒப்புக்கொண்ட நிபுணர் வீட்டில் இருக்கும்போது டாக்டர் எதற்கு? “இனிப்பு. வேற ஒண்ணும் இல்ல” என்றார் நிபுணர். அன்றே சர்க்கரை டப்பா அலமாரியின் உச்சிக்குப் போயிற்று. அவர் நெட்டை, கையை நீட்டினால் எட்டும். அம்மாள் குட்டை. அன்று முதல் அவர் தன் டீக்கு இரண்டு கரண்டி எடுத்துப் போட்டுக்கொள்வார். அந்த அம்மாள் வெறும் டீ குடிப்பாள். இப்படிப் பதினேழு வருஷம். “மிட்டாய்” என்று அவளுக்கு ஒரு செல்லப்பெயர் வேறு வைத்தார். விருந்தாளிகள் எதிரிலும் அப்படித்தான் கூப்பிடுவார். அவளும் குற்றவாளிக்குரிய பணிவோடு ஒரு நாளைக்கு நாலு தடவை விரலால் ஈறு தேய்த்தாள்.

அவளுக்குப் பல் போன இரண்டாம் வருஷம் பட்டறைச் சுவரில் ஓர் அறிவிப்பை ஒட்டினார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் நடுவில் இவர் சரளமாகப் படிப்பவர். அதனால் எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டியவர் இவர்தான். வேலைச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அதில் ஒட்டிய ஈயத்தூள் துவைக்கிறவர் உடம்பில் சேரும். பல், எலும்பு, ரத்தம் எல்லாவற்றையும் கெடுக்கும். கடைசி வரிக்கு வரும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. அன்று மாலை பட்டறைச் சுவரில் தனக்கென்று ஓர் ஆணி அடித்துக்கொண்டார். சட்டை அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை. “இனிமே அங்கயே தொவைச்சுக் குடுத்துடறாங்க” என்று மட்டும் மனைவியிடம் சொன்னார். அவளுக்கும் ஒரு வேலை குறைந்தது. சட்டைக் கையில் படிந்த அந்தச் சாம்பல் கறையைக் கையாலேயே கசக்கிப் போக்குவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

டப்பாவை இறக்கவேண்டும் என்று அவர் அன்றைக்கே நினைத்தார். இறக்கினால் ஏன் என்று கேட்பாள். டப்பா இருந்த இடத்திலேயே இருந்தது.

ஓய்வுபெறும்போது அந்தச் சான்றிதழை அவரே கேட்டு வாங்கினார். முதலாளி சந்தோஷமாகக் கொடுத்தார். அந்தத் தாள் இருவருக்குமே தேவைப்பட்டது.

இரண்டு பேருக்கும் பல்செட் கட்டலாம் என்று மகள்தான் இந்த ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கினாள். பெற்றோரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள். டாக்டர் மகளைவிடச் சின்னப் பெண். இருவர் வாயையும் பார்த்தாள். எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் பிடித்து, மாறி மாறிப் பார்த்தாள்.

“ரெண்டு பேருக்கும் தாடை எலும்பு ஒரே மாதிரி கரைஞ்சிருக்கே. ஐயா என்ன வேலை பாத்தீங்க?”

அவர் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் படித்தாள். ஈயப் பட்டறைக்காரர்கள் சிலரை இதே நிலையில் பார்த்திருப்பதாகவும், அதனால்தான் கேட்டதாகவும் சொன்னாள். தொடர்பில்லை என்று தாளே சொல்கிறபோது தான் என்ன சொல்வது? அப்படியே எழுதிக்கொண்டாள். பிறகு அம்மாள் பக்கம் திரும்பினாள்.

“உங்களுக்கு எப்படிம்மா?”

“அது ஒண்ணுமில்ல டாக்டர். நான்தான் இனிப்பு தின்னே கெடுத்துக்கிட்டேன். இவரு அப்பவே சொன்னாரு.”

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தம்கூட இல்லை. கணவர் முன்கூட்டியே சொன்னதில் ஒரு கௌரவம்தான் இருந்தது. பல்லுக்காரர் கைக்குட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டார். வாய்தான் மூடியது, காது திறந்தேதான் இருந்தது.

வெளியே வந்து நடைவழியில் பாதி தூரம் போயிருப்பார்கள். “தாளைக் கொண்டாந்தது நல்லதாப் போச்சுங்க. இல்லேன்னா ஒங்க வேலைமேல பழி போட்டிருக்கும் அந்தப் பொண்ணு” என்றாள் மனைவி.

அவர் நின்றார். திரும்பி, டாக்டர் அறைக் கதவைத் தட்டாமலேயே உள்ளே போனார். என்னவோ ஏதோ என்று அவளும் பின்னாலேயே வந்தாள்.

அவர் முதலில் கைக்குட்டையோடுதான் பேசினார். டாக்டருக்குப் புரியவில்லை; கையை எடுக்கச் சொன்னாள். எடுத்தார்.

“அந்தத் தாள் பொய்யி டாக்டர். முப்பத்தொரு வருஷம் ஈயத்தைக் கடிச்சுப் பாக்கறதுதான் எனக்கு வேலை. வாய் தொடச்ச சட்டையை இவதான் தொவைச்சா. இவ இனிப்பெல்லாம் ஒண்ணும் தின்னல.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “எனக்குப் பதினஞ்சு வருஷமாத் தெரியும்.”

ஈயம்தான் காரணம் என்று இப்போதே அடித்துச் சொல்ல முடியாது என்றாள் டாக்டர். ஆனால் அது எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வயதாகி எலும்பு தேயத் தேயக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்கு வரும். அதனால் இரண்டு பேருக்கும் ரத்தம் பார்த்துவிடலாம் என்று புதிய தாள் எடுத்து முதலிலிருந்து எழுதத் தொடங்கினாள். பல்லுக்காரர் அதில் ஒரு வார்த்தையும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரத்தம் கொடுத்தார்கள். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் இருந்தும் அவர் நின்றுகொண்டே வந்தார். இறங்கும் இடத்துக்கு ஒரு நிறுத்தம் இருக்கும்போது, அவர் பக்கம் திரும்பாமலே, “சட்டையை அங்கயே தொவைக்கறாங்கன்னீங்களே, அப்பவே தெரியுமா?” என்றாள். “தெரியும்” என்றார். “ம்” என்றாள். வீடுவரை அதுதான் பேச்சு.

வீட்டுக்குள் நுழைந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே போய், அலமாரி உச்சியிலிருந்து சர்க்கரை டப்பாவை இறக்கி, அடுப்பு மேடையில் அவள் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார். “இந்தா, மி…” என்று தொடங்கியவர் அந்தப் பெயரை அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

அவள் டீ போட்டாள். தன் தம்ளரில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு, கணீர் கணீரென்று சத்தம் கேட்கக் கலக்கினாள். டப்பாவை இறுக மூடிவிட்டு, அவருடையதை அப்படியே வெறும் டீயாகக் கொண்டுவந்து எதிரே வைத்தாள்.

பல்லுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பாமல், அவளுக்கு எதிரே உட்கார்ந்து, கடைசிச் சொட்டுவரை அதைக் குடித்தார்.