லாஸ்கர் என்றால் கப்பல்காரர்

விவேக் நகர் கோயிலில் வியாழக்கிழமை உருகும் மெழுகுவர்த்தியின் வாசனை... இன்றும் அது மூக்கில் ஏறினால் எனக்கு அந்தக் கடிதம்தான் ஞாபகம் வரும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அப்பாவுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. பிரான்சில் இறங்கியவரிடமிருந்து எட்டு மாதமாக ஒரு தகவலும் இல்லை. அம்மா வியாழன்தோறும் அந்தக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். அங்கே அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரம்மாவுக்கு அம்மா எழுதிப் போட்டாள். பிரெஞ்சில் பதில் வந்தது. இரண்டே வரி.

நான் அப்போது பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. 'அந்த லாஸ்கர் போய்விட்டார், பெட்டிகளோடு.' ஒரு சொல்தான் இடித்தது. வீட்டிலிருந்த பழைய ஆங்கில அகராதியைப் புரட்டினேன். லாஸ்கர்: அந்தக் காலத்து வெள்ளைக்காரன் கப்பல்களில் வேலை செய்த இந்திய மாலுமி.

"கப்பல்காரர் போயிட்டாருன்னு எழுதியிருக்காங்கம்மா. பெட்டியெல்லாம் எடுத்துக்கிட்டு."

"அப்போ வேற கப்பல் ஏறிட்டாரு. வந்துடுவாரு, விடு."

அன்று அம்மா கேசரி கிளறினாள்.

மூன்று வருடம் கழித்து, தொம்மலூரில் ஒரு ஆபீஸ். பிரெஞ்சு மெயில்களை ஆங்கிலத்தில் மாற்றும் வேலை. ஒரு மெயிலில் அதே சொல். நான் 'மாலுமி' என்று போட்டதைப் பார்த்து, பக்கத்து சீட் ஷைலஜா சிரித்தாள்.

"இங்க மாலுமி எங்கடி வந்தான்? இங்கிலீஷ்லதான் அது கப்பல்காரன். பிரெஞ்சுல இப்போ கில்லாடின்னு அர்த்தம். ஏமாத்தி டோப்பி போட்டுட்டு நழுவுற ஆளு."

'அந்தக் கில்லாடி போய்விட்டார், பெட்டிகளோடு'...

வீட்டுக்குப் போனால், அம்மா அப்பாவின் சட்டைகளை வெயிலில் காயவைத்து மடித்துக்கொண்டிருந்தாள். பூச்சி அரித்துவிடுமாம். சொல்ல வாயைத் திறந்தேன். நானும் ஒரு சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். அந்த நம்பிக்கையைக் கையில் கொடுத்தவளே நான்தானே. என்மேல் எனக்கு வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை.

இப்போது எந்தச் சொல்லையும் ஃபோனில் போட்டால் நொடியில் அர்த்தம் வந்துவிடுகிறது. அன்று அது இருந்திருந்தால், அம்மா ஒரு வருடம் அழுதுவிட்டுத் தேறியிருப்பாள்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. போன வாரம் கேட்டாள்.

"எந்தக் கப்பல் எங்க போகுதுன்னு ஃபோன்லயே தெரியுமாமே. அப்பா கப்பல் எங்கன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

ஃபோனை எடுத்து, ஏதோ தேடுவதுபோல் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

"நடுக்கடல்லம்மா" என்றேன்.