இராஜநாயகம் அண்ணையின் துளசிச் சாடிகள்

இராஜநாயகம் அண்ணைக்குக் கீரைக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. கொழும்பு காலி வீதியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதியே தலை நரைத்த மனிதர். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியில் சாடிகளில் துளசி வளர்த்தவ அவருடைய மனைவி துஷ்யந்தி. அக்கம்பக்கத்தில் எந்தப் பிள்ளைக்கு இருமல் என்றாலும் அவவிடம்தான் வருவார்கள். அவ காலையில் வேரடியில் மட்டும் தண்ணீர் விடுவா. இலையில் ஒரு சொட்டுப் பட்டாலும் ஏசுவா.

போன வருடம் அவ காலமாகிவிட்டா. அதன்பிறகு அண்ணை சாடிகளைத் தன் பொறுப்பில் எடுத்தார். வேலை முடிந்து வந்து, விளக்கு வைத்த கையோடு மேலே போவார். ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, இலையெல்லாம் நனையத் தெளிப்பார். துளசிக்குச் சுத்தம் முக்கியமாம். தெளித்தபடியே மனைவியோடு கதைப்பார். அதைக் கேட்டுவிட்டு அவரை மறிக்க யாருக்கு மனம் வரும்?

மழைக்காலத்தில் பெரிய துளசி மஞ்சளித்தது. துஷ்யந்தி முதன்முதலில் நட்டது அதுதான். மற்றவை எல்லாம் அதன் பிள்ளைகள். அண்ணை தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இரண்டு செம்பாகத் தெளித்தார்.

என் தங்கையின் மகள் மயூரி பயிர்நோய் படித்தவள். வீட்டுக்கு வந்திருந்த அன்று அவளை மேலே கூட்டிப்போனேன். அவள் இலையைத் திருப்பிக் காட்டினாள். அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் மெல்லிய தூள்.

"அங்கிள், இது சத்துக் குறைவில்லை. பங்கசு, பூஞ்சணம். பின்னேரம் இலை நனைஞ்சா விடியுமட்டும் காயாது. அந்த ஈரத்திலதான் இது வளருறது. தெளிக்கிறதை விடுங்கோ. இந்தப் பெரிய செடியை இண்டைக்கே பிடுங்கினாத்தான் மற்றதுகள் தப்பும்."

அண்ணையின் முகம் கறுத்தது. "பிள்ளை, அடுத்த மாசம் அவவின்ர ஆட்டைத் திவசம், முதல் வருசம். அவ நட்ட மரத்தில இருந்து இலை கிள்ளிப் படத்துக்கு வைக்கோணும். அதுக்குப் பிறகு பிடுங்கிறன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அண்ணை, மிச்சத்தையாவது காப்பாத்துங்கோவன்" என்று கத்தினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தெளிப்பதை மட்டும் நிறுத்தினார். நோய் நிற்கவில்லை, சாடி சாடியாகத் தாவியது.

திவசத்தன்று மொட்டைமாடியில் நல்ல இலை ஒன்றுகூட இல்லை. சந்தையில் வாங்கிய துளசியைத்தான் படத்துக்கு வைத்தார். 

மறுநாள் எல்லாச் செடிகளையும் பிடுங்கிப் பையில் இறுக்கிக் கட்டினார். துளசியைக் குப்பை லொறிக்குக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். தனியே விட மனமில்லாமல் நானும் கூடப் போனேன். தண்டவாளத்தைக் கடந்து, கடற்கரைக் கல்லில் நின்று, பையை அவிழ்த்துச் செடிகளை ஒவ்வொன்றாகக் கடலில் விட்டார்.

"இதே கல்லில நிண்டுதான் அவவின்ர சாம்பலையும் கரைச்சனான்" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவ விட்டிட்டுப் போனது இது ஒண்டுதான், தங்கச்சி. நான்தான் தண்ணி தெளிச்சுத் தெளிச்சுச் சாக்காட்டிப்போட்டன், என்ன?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.  அதை விட்டு, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.