ஜரீனா அக்கா டாக்டர்கிட்ட மறைச்சது

ஜரீனா அக்கா போயிட்டாங்க. காலையில ஆறு மணிக்கு மெசேஜ் வந்துச்சு.

அனகாபுத்தூர்ல அவங்க வீட்டு வாசல்ல என்னால நிக்க முடியல. பக்கத்துத் தெரு பிரௌசிங் சென்டர்ல உட்கார்ந்து டைப் பண்றேன். கரண்ட் போறதுக்குள்ள முடிக்கணும்.

தாம்பரம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில, செக்கிங் டேபிள்ல ஆறு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்தோம். சட்டையில ஒரு கை சரியா இருந்தாலும் இன்னொரு கையைத் திருப்பிப் பார்க்காம விட மாட்டாங்க. "இன்னா அவசரம் உனக்கு, அந்தாண்ட கையையும் பாருடி"ன்னு என் பீஸையும் பிடுங்கிப் பார்ப்பாங்க. எனக்குக் கடுப்பா இருக்கும்.

அவங்களுக்குப் பிறவியிலேயே கர்ப்பப்பை நடுவுல தடுப்போட, ரெண்டு அறையா இருந்துச்சு. ரெண்டு தடவை கரு கலைஞ்சப்ப டாக்டர் சொன்னது அது. அப்புறம்தான் யாஸ்மின் பிறந்தா. விஷயம் தெரிஞ்சது மூணே பேருக்கு... அக்கா, சவுதியில இருக்கிற அவங்க வீட்டுக்காரர், நான்.

போன வருஷம் பீரியட்ஸ் நிக்கிற வயசுல ப்ளீடிங் நிக்கவே இல்ல. பர்மிஷன் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அவங்க நாத்தனாரும் கிளம்பி வந்து, டாக்டர் ரூம்லயும் பக்கத்துலயே உட்கார்ந்துட்டாங்க.

"கர்ப்பப்பையில முன்னாடி ஏதாவது பிரச்சனைன்னு சொல்லியிருக்காங்களா?" டாக்டர் கேட்டாங்க.

"இல்ல டாக்டர்."

டேபிளுக்கு அடியில என் கையைப் பிடிச்சு அழுத்தினாங்க. நான் வாயைத் திறக்கல.

வெளியில வந்து அக்காவைத் தனியா இழுத்துச் சண்டை போட்டேன். அக்கா சொன்னாங்க, "என் நாத்தனார் புள்ளைக்குத்தான் யாஸ்மினைப் பேசிக்கினு கீறோம். அம்மாவுக்கு இப்டின்னா பொண்ணுக்கும் இருக்கும்னு வேணாம்னுட்டா? ரிப்போர்ட் வரட்டும், அப்பால சொல்லிக்கலாம்."

சுரண்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க. பத்து நாள்... எனக்குச் சோறு இறங்கல.

ரிப்போர்ட் நார்மல். கேன்சர் இல்ல. கேன்டீன்ல எல்லாருக்கும் குலாப் ஜாமூன் கொடுத்தாங்க. நானும் ரெண்டு சாப்பிட்டேன். டாக்டர்கிட்ட சொல்ற பேச்சை அவங்களும் எடுக்கல, நானும் எடுக்கல.

அந்த சாம்பிள் ஒரு அறையில இருந்து மட்டும் எடுத்தது. இன்னொண்ணு இருக்குன்னே டாக்டருக்குத் தெரியாதே...

ப்ளீடிங் அப்பவும் நிக்கல. ஏழு மாசம் கழிச்சு வேற ஆஸ்பத்திரியில ஆபரேஷன். கேன்சர் அந்த இன்னொரு அறையில இருந்துச்சு. வெளியிலயும் பரவிடுச்சு.

டாக்டர் முதல்ல சொன்னது நாத்தனார்கிட்டதான். அவங்க என் பக்கம் திரும்பி, "ரெண்டு அறைன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"ன்னு கேட்டாங்க. தலையாட்டி, ஏன் மறைச்சோம்னும் சொன்னேன்.

"சொல்லியிருந்தா நான் என்ன வேணாம்னா சொல்லியிருப்பேன்? என்னை அவ்ளோ மோசமாவா நினைச்சீங்க?"

அவங்க முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கல. அடுத்த மாசம் அக்கா பெட் பக்கத்துலயே நாத்தனார் பையனுக்கும் யாஸ்மினுக்கும் நிச்சயம் நடந்துச்சு.

போன வாரம் அக்கா சொன்னாங்க. "இனிமே மறைக்க இன்னா கீது? என் பேர் போட்டே எழுதுடி. என்னை மாதிரி கீறவ எவளாச்சும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிக்கட்டும்." யாஸ்மின்கிட்டயும் கேட்டேன். "எழுதுங்க ஆன்ட்டி"ன்னா.

இப்ப வீட்டுக்குள்ள அக்காவைக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கிறது அந்த நாத்தனார்தான். சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சு அடக்கம். நான் கிளம்பணும்.

அன்னிக்கு நீங்க பிடிச்ச கையை உதறிட்டு நான் சொல்லியிருக்கணும். மன்னிச்சிடுங்க.

போயிட்டு வாங்க அக்கா.