ரிவால்வரில் சந்தனம்

தாத்தாவின் ரிவால்வருக்கு எண்ணெய் போட்டேன். அந்த வாடை என்னைப் பழைய மயிலாப்பூர் வீட்டுக்கு இழுத்துப் போனது.

ஆயுத பூஜையன்று பெரியப்பா அதன்மேல் ஈரச் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைப்பார். மறுநாள் துடைப்பது என் அப்பாவின் வேலை. சுண்டலை மென்றுகொண்டே பெரியப்பா எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வார்: “நன்னா தொடைடா. சுடத்தான் தைரியமில்லே, தொடைக்கவாவது லாயக்கா இரு.” கூடம் சிரிக்கும். அப்பா நிமிரவே மாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இருவரும் போய்விட்டார்கள். உரிமம் இப்போது என் பெயரில். சந்தனம் அப்பிய இடமெல்லாம் துரு. அதை எடுத்துவிட்டுப் புது மெருகு ஏற்ற உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த பெரியப்பா மகள் மரப்பிடியைக் காட்டினாள்.

“எங்கப்பா பேர் செதுக்கியிருக்குடா. அதை மட்டும் விட்டுடேன்.”

“அதுதான்க்கா மொதல்ல” என்று உப்புத்தாளைப் பிடியில் வைத்து அழுத்தினேன்.