ஒரே கொடியில் கிடந்த துணி

என் மேசை இழுப்பறையில் சுண்டுவிரல் அளவுக் கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கிறது. வாயை நெருப்பில் உருக்கி மூடியது. உள்ளே மங்கிய மஞ்சளில் ஒரு சிட்டிகைப் படிகம். தூத்துக்குடியில் நான் செய்தது. நான் செய்ததென்று நம்ப விரும்புவது.

சுதந்திரம் கிடைத்த மறு வருடம். துறைமுகத்தை ஒட்டிய மருந்துக் கம்பெனி ஒன்றின் பின்கட்டில் நானும் மயினியும், அதாவது என் அண்ணன் மனைவியும், எதிரெதிர் மேசைகளில் வேலை பார்த்தோம். நாசரேத்தில் வளர்ந்து, சென்னையில் ரசாயனம் படித்து, எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவர் அவர். நானும் அதே படிப்புத்தான். ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து தேடிய பம்பாய் ஆய்வுக்கூடம் ஒன்று, அந்த மருந்து செய்வதற்கு முந்தைய படியான ஒரு பொருளை எங்களிடம் கேட்டிருந்தது. இருவரில் யார் அதைச் சுத்தமாகச் செய்கிறாரோ அவருக்கு அங்கே வேலை. நான் அந்த வேலைக்காகத் தவித்தேன். மயினி தவித்ததாகவே தெரியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

பொருள் இருவருக்குமே பாகு மாதிரி நின்றது. அது படிகமானால்தான் அழுக்கைப் பிரிக்க முடியும். ஐஸில் உப்பளத்து உப்பைக் கொட்டி, குடுவையை அதில் குளிரவைத்து, உள்சுவரைக் கண்ணாடிக் கோலால் கை கடுக்கும்வரை சுரண்டினேன். ஒரு நாள் காலையில் எதிர் மேசையில் மயினி மெல்லச் சிரித்தார். அவருடைய குடுவையின் அடியில் மஞ்சள் ஊசிகளாகப் படிகம். முதலாளி அண்ணாச்சி ஓடிவந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்னலே, மயினி முந்திட்டாவ போலுக்கு!" நான் தலை நிமிராமல் என் குடுவையைச் சுரண்டினேன்.

மயினி தன் படிகத்தில் ஒரு துணுக்கை நீட்டினார். "இத உள்ள போடுங்க கொழுந்தனாரே, ஒடனே உறைஞ்சிரும்." எங்கள் தொழிலில் அதற்கு விதை என்று பெயர். வேண்டாம் என்றேன். ஓர் அறையில் ஒருமுறை படிகம் விளைந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத அதன் தூசியே விதையாகிப் பக்கத்துக் குடுவையையும் உறைய வைத்துவிடும். அவர் தயவில் எதுவும் எனக்கு விளையக்கூடாது. குடுவையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே மாமாவின் உப்பளக் கொட்டகைக்குப் போனேன். புதிதாகக் கழுவிய கோல், புதிய ஐஸ். சில நாளில் அங்கே என் குடுவையிலும் மஞ்சள் ஊசிகள் வந்தன. உப்பு அள்ளிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

வீட்டுக்கு வந்து, "ஒங்க விதை இல்லாமலே வந்துட்டு" என்று மயினியிடம் நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது. பிறகு அவர் பார்வை கூடத்துக் கொடிக்குப் போனது. வேலைக்கு உடுத்த துணியை வியர்வை ஆற அதில் போட்டு, மறுநாளும் உடுத்துவது எங்கள் வீட்டு வழக்கம். என் சட்டைமேல் அவர் சேலை கிடந்தது.

"எல்லாத் துணியும் ஒரே கொடியிலதான கெடக்கு, கொழுந்தனாரே. எங்க போனாலும் என் தூசி ஒங்க சட்டையில ஏறி வந்துருமே!" வாய்விட்டுச் சிரித்தார். வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இரண்டில் மயினியுடையதே சுத்தம் என்று பம்பாயிலிருந்து எழுதினார்கள்; அவர்தான் போனார். துறைமுக வேலையை விட்டுவிட்டு அண்ணனும் பின்னாலேயே போனான். பெண்டாட்டி பின்னால் போகிறான் என்று ஊர் சிரித்தது, அவனும் சிரித்துக்கொண்டே ரயிலேறினான். அந்தச் சிரிப்பின்மேலும் எனக்குப் பொறாமை.

இருவரும் இப்போது இல்லை. பேரன் எப்போதாவது இழுப்பறையைக் குடைந்து, இந்தக் குழாயை எடுத்து, "இது யாரு செஞ்சது தாத்தா?" என்று கேட்பான். நான்தான் என்பேன். சொல்லும்போதே என் கை தானாகச் சட்டையைத் தட்டிவிடும்.