எடைக்கு வாங்கிய கட்டைகள்

இந்த ஊரில் பொம்மையை எடை போட்டு விற்கிறார்கள் என்றால் அங்கே நீங்கள் யாரும் நம்ப மாட்டீர்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் அவர்களுடைய துணிமணி, சைக்கிள், விளையாட்டுச் சாமான் எல்லாவற்றையும் இங்குள்ளவர்கள் த்ரிஃப்ட் ஸ்டோர் எனப்படும் பழைய பொருள் கடைக்கு இனாமாகக் கொடுத்துவிடுகிறார்கள். கடைக்காரர்கள் அவற்றைப் படம் பிடித்து இணையத்தில் ஏலம் விடுகிறார்கள். ஒன்றோடொன்று பொருத்தி வீடும் வண்டியும் கட்டுகிற பிளாஸ்டிக் கட்டைகளை ஒவ்வொன்றாக எண்ண யாருக்குப் பொறுமை இருக்கிறது? பெரிய பாலிதீன் பையில் கொட்டி, இத்தனை பவுண்டு எடை என்று எழுதிவிடுகிறார்கள். முதன்முதலில் அந்தப் படத்தைப் பார்த்தபோது திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் ஏலத்துக்குக் குவிந்து கிடக்கும் மல்லாட்டைதான், அதாவது வேர்க்கடலைதான், எனக்கு நினைவுக்கு வந்தது. சிரித்துவிட்டேன். இரண்டே நாளில் நானும் ஏலத்தில் இறங்கியிருந்தேன்.

கணவரின் வேலைக்காக ஓஹையோவுக்கு வந்தவள் நான். என் விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. அவர் கிளம்பிப் போன பிறகு சமையலறையும் ஜன்னலும்தான் துணை. சின்ன வயதில் அப்பா மல்லாட்டை மூட்டையை ஏலத்துக்குக் கொண்டுபோகும்போது நானும் தொற்றிக்கொள்வேன். வியாபாரிகள் மேலாகக் கிடப்பதைச் சட்டை செய்ய மாட்டார்கள். கையை அடிவரை விட்டு ஒரு பிடி அள்ளி, உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் சீட்டில் விலை எழுதுவார்கள். கணினிப் படத்துக்குள் கையை விட முடியாதே. அதனால் பையின் அடி மூலைகளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். நாய் கடித்த கட்டைகளும் உடைந்த சக்கரங்களும் யாருடையதோ ஒரு தலை கிளிப்பும் அங்கேதான் ஒளிந்திருக்கும். முதல் இரண்டு பைகளில் நன்றாக ஏமாந்தேன். பாதிக்குமேல் எதனோடும் பொருந்தாத போலிக் கட்டைகள். மூன்றாவதிலிருந்து தேறிவிட்டேன்.

ஏலத்தில் எடுத்ததைக் கடைக்கே போய் வாங்கிவருவேன். கொடுக்கிற இடத்தில் ஒரு வயதானவர் இருப்பார். ஒருநாள், எல்லாம் உன் பிள்ளைகளுக்கா, எத்தனை பேர் என்று கேட்டார். முப்பத்திரண்டு பேர் என்றேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய் இன்னொரு சின்னப் பையையும் எடுத்துவந்து, இரண்டையும் தாமே கார்வரை சுமந்து, கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதன் பிறகுதான் எனக்கே உறைத்தது. நான் சொன்னது அக்காவின் பள்ளிக்கூடப் பிள்ளைகளை. எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை.

திண்டிவனத்தில் மரக்காணம் சாலை ஓரமாக, ஒரு மாடியில் இரண்டு அறைகளை எடுத்து அக்கா நர்சரி பள்ளி நடத்துகிறாள். பள்ளி தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கு ஒரு பிடிவாதம். பழைய பொருள் எதுவும் அவள் பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது. வீட்டில் கிடந்த பழைய பொம்மைகளைக் கொண்டுவந்த ஒரு நல்ல மனிதரை வாசலிலேயே கும்பிட்டுத் திருப்பி அனுப்பியவள் அவள்.

காரணம் எனக்குத் தெரியும். தொண்ணூற்று மூன்றில் அவள் ஆறாம் வகுப்பு. அந்த வருஷம் மல்லாட்டை பொய்த்துவிட்டது. பெரியப்பா வீட்டுப் பெண் உடுத்திக் கழித்த நீலப் பாவாடையைத்தான் சீருடையாகப் போட்டுக்கொண்டு போனாள். அதன் ஓர மடிப்பில், எந்த வீட்டுத் துணி என்று தெரிவதற்காகச் சலவைக்காரர் போட்ட மைக்குறி இருந்தது. மூன்று புள்ளி, ஒரு கோடு. பெரியப்பா மகள் இடைவேளையில் வந்து அந்த மடிப்பைப் பிரித்து, “இது எங்க வூட்டுக் குறி” என்று வகுப்பு முழுவதற்கும் காட்டிவிட்டாள். அன்று வீட்டுக்கு வந்த அக்கா அழவில்லை. கத்தரிக்கோலை எடுத்துக் குறி இருந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்தாள். வருஷம் முழுவதும் அந்த ஓட்டைப் பாவாடையைத்தான் போட்டுக்கொண்டு போனாள்.

இதெல்லாம் தெரிந்துதான் நான் பொய் சொன்னேன். கடையில் தள்ளுபடியில் வாங்கிய புதுசு என்றேன். கட்டைகளையும், அவற்றை ஊன்றிக் கட்டுகிற தட்டுகளையும் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கூடம் முழுக்கத் துண்டு விரித்துக் காயவைத்தேன். சிலவற்றின் அடியில் பிள்ளைகள் பேனாவால் பெயர் எழுதியிருந்தார்கள். அவற்றை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். புதுப் பைகளில் போட்டு, ஊருக்குப் போன ஒரு விழுப்புரம் குடும்பத்தின் பெட்டியில் அனுப்பிவைத்தேன். விஜயதசமியன்று அக்கா அந்தப் பைகளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, படம் எடுத்து அனுப்பினாள். அதைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து, காலையில் போன் வந்தது.

“யாருடி இந்த கெவின்?”

நான் அடுப்பை அணைத்தேன்.

“பச்சத் தட்டுக்கு அடியில எழுதிக்கினு இருக்குது. யூகேஜி பொண்ணு ஒண்ணு எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டா. பழசா?”

“ஆமாக்கா. மத்த பேரெல்லாம் அழிச்சிட்டேன், இது கண்ணுல படல.”

“மஞ்ச குங்குமம் வெச்சிக் கும்புட்டேனே. அப்பகூட உனுக்குச் சொல்லணும்னு தோணல.”

வைத்துவிட்டாள். பதினோரு நாள் போன் இல்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. தனக்கு நேர்ந்த அவமானம் பிள்ளைகளுக்கு நேராமல் இத்தனை வருஷம் காத்தவள். அதை என் கையாலேயே அவள் பள்ளிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டேன். ஏலத்தில் நல்ல நல்ல பைகள் வந்தன. ஒன்றையும் கேட்க மனம் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவளே கூப்பிட்டாள்.

“பரண்ல ஏத்திட்டேன்டி எல்லாத்தையும். புள்ளைங்க மேலயே பாத்துக்கினு குந்திக்கினு இருக்குதுங்க. கெவின் எப்ப வருவான்னு டெய்லி ஒரே பேஜாரு. அவனுதுன்னா அவன் வெளயாட வருவான் இல்ல மிஸ்ஸுங்குதுங்க. நான் இன்னா பதில் சொல்றது? எறக்கிக் குடுத்தேன். அவனுக்குன்னு ஒரு வூடு கட்டி வெச்சிக்கினு இருக்குதுங்க.”

“அக்கா...”

“நீ இரு. எனுக்கு அந்தப் பேரப் பாத்ததும் உடம்பெல்லாம் கூசுச்சு. இதுங்களுக்கு ஒண்ணும் ஆவல. பெத்தவங்க கூட்டத்துல எழுந்து சொல்லிட்டேன், பழசுதான், என் தங்கச்சி கழுவி அனுப்பிச்சான்னு.”

“இன்னா சொன்னாங்க?”

“இன்னும் கெடைக்குமான்னு கேட்டாங்க.”

நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“இனிமே பேரு இருந்தா அழிக்காத. எங்கிட்ட பொய் சொல்லாத. அப்புறம், எல்லாத்தையும் இங்கியே அனுப்பாத. உனுக்குன்னு ஒரு பை வெச்சிக்கோ. வருஷக்கணக்கா அங்க இருக்கிற, இன்னும் பஸ்ஸுக்குக் காத்துக்கினு இருக்கிறவளாட்டம் இருக்கிற.”

பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. அவள் சொன்னது உண்மை. சுவரில் ஓர் ஆணிகூட அடிக்காமல்தான் இந்த வீட்டில் இருந்துவந்தேன்.

அடுத்த வாரம் இரண்டு பைகள் எடுத்தேன். ஒன்றின்மேல் திண்டிவனம் என்று எழுதினேன். மற்றதன்மேல் எழுதப் பேனாவைத் திறந்தவள் அப்படியே நின்றேன். இந்த ஊர்ப் பெயரை எழுதக் கை வரவில்லை. நம் ஊர்ப் பெயரை எழுதினால் அக்கா திட்டுவாள். கடைசியில் ஒன்றும் எழுதாமல் பையைப் பிரித்துச் சாப்பாட்டு மேசையில் கொட்டினேன். என் கணவர் வேலை முடிந்து வந்தபோது சோறு ஆக்கவில்லை. நான்கு சுவர் எழுப்பிவிட்டு, வாசலுக்குப் பொருந்துகிற கதவைக் குவியலில் தேடிக்கொண்டிருந்தேன். அவரும் பையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, எதிரில் உட்கார்ந்து தேடத் தொடங்கினார்.